பௌல் ஆட்ட விலகலும் செஞ்சோற்றுக் கடனும்

2016ஆம் வருஷத்துப் புத்தாண்டு தினத்தன்று, அரிஸோனா மாகாணத்துக் கிளெண்டேல் நகரில், நோட்டர் டேம் சர்வகலாசாலைக்கும் ஒஹாயோ ஸ்டேட் சர்வகலாசாலைக்கும் இடையே ஃபியஸ்டா பௌல் என்னும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடைபெற்றது. அப்பருவத்தில் நாட்டின் தலைசிறந்த லைன்பேக்கர் (தற்காப்பு வரிசை ஆட்டக்காரர்) என்று பட்கஸ் பரிசு பெற்றிருந்த நோட்டர் டேம் மாணவர் ஜெய்லன் ஸ்மித், ஆட்டத்தின் முதற் கால் பகுதியிலேயே, எதிரணியின் ஆஜானுபாகுவான தடுப்பாளர் ஒருவர் தள்ளியதில் நிலைதடுமாறி, உடற்பாரம் முழுவதும் இடது காலில் இறங்க, முழங்காலின் தசைநார்கள் இரண்டு அறுந்து, பாதத்தை உயர்த்தும் நரம்பும் பழுதுற்று, ஆட்டத்தை விட்டு அகன்றார். அதே ஆட்டத்தில் ஒஹாயோ அணியின் எஸக்கியேல் எலியட், பந்தோடு எல்லைக்கோட்டைக் கடக்கும் டச்டவுன்கள் நான்கு எடுத்தார். ஏப்ரல் மாதக் கடைசியில், இளம் ஆட்டக்காரர்களைத் தொழில்முறைச் சங்கங்கள் முறைவைத்துப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்ட் என்ற வைபவத்தில், டல்லஸ் கௌபாய்ஸ் என்னும் ஒரே சங்கம் இவ்விருவரையும் எடுத்துக்கொண்டது. எலியட் நான்காவது ஆள்; நான்கு வருஷத்துக்கு அவருக்கு ஏறக்குறைய 2 கோடியே 49 லட்சம் டாலர். காயத்துக்கு முன் முதல் ஐவருள் ஒருவராகப் பேசப்பட்ட ஸ்மித் முப்பத்து நான்காவது ஆள். அவருக்கு 65 லட்சம் டாலர் அளவில் கிடைத்தது.

அவ்வாண்டு டிசம்பரில், லூயிசியானா ஸ்டேட்டின் லெனர்ட் ஃபோர்னெட் சிட்ரஸ் பௌலிலும், ஸ்டான்ஃபர்டின் கிறிஸ்டியன் மக்காஃப்ரி சன் பௌலிலும் தாங்கள் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். தொழில்முறை வாழ்க்கையின் வாசற்படியில் நிற்கும் ஒருவன், பட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆட்டத்துக்காக உடலைப் பணயம் வைப்பானேன் என்பது அவர்கள் கட்சி. இருவர் அணிகளும் அவர்கள் இல்லாமலே வென்றன; அடுத்த ஏப்ரலில் ஃபோர்னெட் நான்காவதாகவும் மக்காஃப்ரி எட்டாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். ஆயினும் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் எழுந்த கண்டனம் அடங்க வெகுநாள் ஆயிற்று. ஸ்மித்தோ, மறுபடியும் அச்சந்தர்ப்பம் வாய்த்தாலும் ஆடியே தீர்வேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். இது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்றாகுமேயன்றிப் பிறருக்கு விதியாகிவிடாது.

கண்டனக்காரரின் பூர்வபக்ஷத்தைச் சுருக்கிச் சொன்னால், அது நாம் செஞ்சோற்றுக் கடன் என்று வழங்கிவரும் தர்மமேயாகும். கல்விச் செலவு, உணவு, உறைவிடம், பயிற்சி, கீர்த்தி ஆகிய அனைத்தையும் வழங்கி வளர்த்தது சர்வகலாசாலை. கடைசிப் போர் வரும்போது களத்தை விட்டு நழுவுவது நன்றிகொன்ற செய்கை என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிடலாகாது. ஆனால் கர்ணனைச் சான்றாக்கும் எவரும் முதலில் ஒன்றை நிச்சயித்துக்கொள்ள வேண்டும்: சோறிட்டவர் யார், உண்டவர் யார் என்பதே அது. பௌல் ஆட்டத்தைப் பொறுத்தவரை அக்கணக்கு தலைகீழாக நிற்கிறது என்பதும், பங்குகொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம் என்னும் சுதந்திரத்தைக் கலாசாலைகளும் பயிற்சியாளர்களும் நெடுங்காலம் அனுபவித்துவந்திருக்க, ஆட்டக்காரர் அதைக் கடைசியாகவே கைக்கொண்டார் என்பதும் இக்கட்டுரையில் நிலைநாட்டக் கருதும் பொருள்.

பௌல் ஆட்டத்தின் பூர்வோத்தரத்தை அறியாமல் இவ்விஷயத்தில் நியாயம் பேச முடியாது. 1902ஆம் வருஷம் கலிஃபோர்னியாவின் பாஸடேனா நகரத்தார், தங்கள் ரோஜா ஊர்வலத்துக்கு மற்றொரு கவர்ச்சியாக மிச்சிகன் அணியையும் ஸ்டான்ஃபர்ட் அணியையும் மோதவிட்டார்கள். மிச்சிகன் 49 புள்ளி எடுக்க, ஸ்டான்ஃபர்ட் ஒன்றும் எடுக்கவில்லை. குளிர்காலத்தில் வடக்கத்தியப் பிரயாணிகளைத் தங்கள் ஊருக்கு இழுக்க விரும்பிய தெற்கத்திய நகரங்கள் இதைப் பின்பற்றியதில், 1935இல் ஆரஞ்சு, சர்க்கரை, சூரியன் ஆகியவற்றின் பெயரால் மூன்று பௌல்கள் தோன்றின. ஆக, இது தொடக்கத்திலிருந்தே விருந்துக்கு அழைத்து நடத்தும் கேளிக்கையாட்டம். பத்திரிகையாளர் வாக்கெடுத்து வருஷத்தின் முதன்மை அணியை நிர்ணயித்த அஸோஸியேட்டட் பிரஸ், 1965ஆம் வருஷப் பருவம் ஒன்று நீங்கலாக, 1967ஆம் வருஷப் பருவம் வரையில் பௌல் ஆட்டங்களுக்கு முன்னதாகவே கடைசி வாக்கை எடுத்துவிடும். 1960இல் அவ்வாறு முதன்மை பெற்ற மின்னஸோட்டா அணி, பிறகு ரோஸ் பௌலில் வாஷிங்டனிடம் தோற்றது. பட்டத்துக்கு ஒரு பங்கமும் வரவில்லை. கல்லூரி விளையாட்டுக்களை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்ற மகாசபையோ, பௌல் ஆட்டங்களில் எடுத்த கெஜங்களையும் புள்ளிகளையும் ஆட்டக்காரரின் அதிகாரபூர்வமான கணக்கில் 2002ஆம் வருஷம்தான் சேர்க்கத் தொடங்கிற்று. அதுகாறும் கணக்கிற்கே வராதிருந்த ஓர் ஆட்டம், ஆட்டக்காரன் விலகியவுடன் புனிதமான கடமையாகிவிட்டது விந்தையே.

இவ்விருந்தை மறுத்தவர்களில் முதல்வர் ஃபோர்னெட் அல்லர். 1925 ஜனவரியில் ரோஸ் பௌலில் ஸ்டான்ஃபர்டை வென்று திரும்பிய நோட்டர் டேம் சர்வகலாசாலையே, படிப்புக்கு இடையூறு என்று கருதி, அதன்பின் வந்த அழைப்புக்களை நாற்பத்தைந்து வருஷகாலம் ஏற்காமல், 1970இல் டெக்ஸாஸ் அணியோடு ஆடிய காட்டன் பௌலிலேதான் விரதத்தை முடித்தது. மத்திய மேற்குப் பிரதேசத்துப் பெருங்கலாசாலைகளின் கூட்டமாகிய பிக் டென், 1975 வரையில் ரோஸ் பௌலுக்கு ஓர் அணியை அனுப்புவதோடு நின்று, மற்ற அணிகளை வீட்டில் இருத்திற்று. எல்லாவற்றிலும் ரசமானது 1961ஆம் வருஷத்துக் கொலம்பஸ் நகரத்துச் சம்பவம். ஒஹாயோ ஸ்டேட் அணி பிக் டென் பட்டத்தை வென்று ரோஸ் பௌல் அழைப்பை எதிர்நோக்கி நின்ற வேளையில், அச்சர்வகலாசாலையின் ஆசிரியர் மன்றம் கூடி, கால்பந்து மோகம் கல்வியின் மதிப்பைக் குலைக்கிறதென்று விவாதித்து, 28க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் போக வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டது. மாணவர்கள் தெருவில் இறங்கி ஆர்ப்பரித்தார்கள். மின்னஸோட்டா அணி பாஸடேனாவுக்குப் போயிற்று. மூன்று வாக்கு வித்தியாசத்தில் பேராசிரியர்கள் ஓர் அணி முழுவதையும் நிறுத்தியது கலாசாலையின் கௌரவம் என்று மதிக்கப்படுமானால், தன் உடல் ஒன்றைமட்டும் நிறுத்திக்கொள்ளும் இளைஞனைத் துரோகி என்பதற்கு ஆதாரம் யாது? இவ்வழக்கம் பழங்கதையாகிவிடவுமில்லை. 2024 டிசம்பரில், பயிற்சியாளர் வேறிடம் போக, ஆட்டக்காரரும் கூட்டமாக வெளியேறியதால், மார்ஷல் சர்வகலாசாலை இண்டிபெண்டன்ஸ் பௌலிலிருந்து விலகிற்று. மறு வருஷம் தேசியப் பட்டப் போட்டிக்குத் தேர்வாகாத நோட்டர் டேம், பௌல் ஆட்டமே வேண்டாம் என்று மீண்டும் ஒருமுறை சொல்லிவிட்டது.

பயிற்சியாளர்களைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. 2009 டிசம்பரில், ஓர் ஆட்டமும் தோற்காத சின்ஸினாட்டி அணியைச் சுகர் பௌலுக்கு முன்பே விட்டு நோட்டர் டேமுக்குப் போன பிரையன் கெல்லி, பன்னிரண்டு வருஷம் கழித்து, அந்த நோட்டர் டேம் அணியையும் ஃபியஸ்டா பௌலுக்கு முன் விட்டு லூயிசியானா ஸ்டேட்டுக்குப் போனார். சிற்சிலர் முணுமுணுத்தார்கள், பொதுவில், உத்தியோக உயர்வு யாருக்குத்தான் கசக்கும் என்றே உலகம் சமாதானம் செய்துகொண்டது. அவருக்கு எலும்பு முறியும் அபாயமும் இல்லை என்பதை நினைவிற்கொள்க.

இனிச் சோற்றுக் கணக்குக்கு வருவோம். பௌல் ஆட்டத்தில் வெற்றி கண்டால் பயிற்சியாளருக்கு ஒப்பந்தப்படி வெகுமதி உண்டு; ஒளிபரப்பும் ஈ.எஸ்.பி.என். நிறுவனத்துக்கு விளம்பர வருமானம் உண்டு, அன்றியும் ஒரு டஜனுக்கு மேற்பட்ட பௌல்களை அந்நிறுவனமே சொந்தத்தில் நடத்துகிறது. வென்ற பயிற்சியாளரின் தலையில் ஒரு தொட்டி மயோனெய்ஸைக் கவிழ்த்து மகிழும் கம்பெனிகூட அதில் தன் பெயரை விளம்பரப்படுத்திக்கொள்கிறது. ஆட்டக்காரனுக்கோ, பௌல் நிர்வாகிகள் 550 டாலர் மதிப்புக்கு மேற்படாத பரிசுப் பை கொடுக்கலாம் என்பது விதி. காயமுற்றால்? 1955இல் கொலராடோவிலுள்ள ஒரு சிறு கல்லூரியின் ஆட்டக்காரர் களத்தில் தலையில் அடிபட்டு இறக்க, அவர் மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கோரினார்; 1957இல் அம்மாகாணத்து உச்ச நீதிமன்றம், அக்கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை என்று கூறி அதை மறுத்துவிட்டது. இதுவே அரசன் இட்ட சோறு!

ஆயினும் விலகலுக்கு மூலகாரணம் இக்கஞ்சத்தனம் மட்டுமன்று. வேதனத்தைத் தள்ளிவைத்து ஒரே நாளில் குவித்துவைக்கும் ஏற்பாடே பிரதான காரணம் என்பது என் துணிபு. உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று வருஷம் கழியும்வரை, தொழில்முறைச் சங்கங்களின் கூட்டமைப்பாகிய என்.எஃப்.எல். ஒருவனைச் சேர்த்துக்கொள்வதில்லை; இவ்விதியை எதிர்த்து வழக்காடிய ஆட்டக்காரர் மாரிஸ் கிளாரெட் 2004இல் மேல்முறையீட்டில் தோற்றார். ஆட்டக்காரரோடு அக்கூட்டமைப்பு செய்துகொண்ட 2011ஆம் வருஷத்து உடன்படிக்கைக்குப் பின், எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறான் என்பதே முதல் நான்கு வருஷச் சம்பளத்தைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. ஆக, மூன்று வருஷம் கூலியின்றி உழைத்தவனுடைய பலன் முழுவதும் ஏப்ரல் மாதத்து ஓரிரவில் அவன் பெயர் எப்போது வாசிக்கப்படுகிறது என்பதைப் பற்றி நிற்கிறது. அவ்விரவுக்கும் அவனுக்கும் இடையே நிற்கும் கடைசி அபாயம் பௌல் ஆட்டம். காப்புறுதி இல்லையா என்று கேட்கலாம். உண்டு, டிராஃப்டில் இடம் சரிந்தால் ஈடு செய்யும் பத்திரம் ஸ்மித்திடம் இருந்தது, அதன்படி சுமார் 9 லட்சம் டாலர் பெற்றார் என்று பத்திரிகைகள் எழுதின. எலியட்டின் தொகைக்கும் இவர் தொகைக்கும் உள்ள இடைவெளியோ ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல்.

காயம் அபூர்வம், அச்சம் மிகை என்பது மற்றோர் ஆக்ஷேபம். ஓர் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மெய்யே. ஆனால் அபாயத்தை அளப்பது நிகழக்கூடிய தடவையால் மட்டுமன்று, நிகழ்ந்தால் விளையும் நஷ்டத்தாலும் ஆகும். 2022 ஜனவரி முதல் தேதி காலையில், ஈ.எஸ்.பி.என். வர்ணனையாளர் கர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட், இக்கால ஆட்டக்காரருக்குக் கால்பந்தின்மேல் பற்று இல்லை என்ற கருத்துப்படப் பேசினார். அன்றிரவே, விலகாமல் ஆட முன்வந்த மிஸிஸிப்பி சர்வகலாசாலையின், பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் மேட் கோரல், சுகர் பௌலில் கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். பிறகு டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் 94ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அதே பருவத்தில் பீச் பௌலை விட்டு விலகிய மற்றொரு குவாட்டர்பேக் கென்னி பிக்கெட்டோ 20ஆவது ஆள். இதைக்கொண்டு கோரலின் இறக்கத்துக்குக் காயமே காரணம் என்று நான் அனுமானிக்கவில்லை. அவரைப் பற்றிச் சங்கங்களுக்கு வேறு சந்தேகங்களும் இருந்திருக்கக்கூடும். மேலும் இக்கணக்கு முதற்சுற்றில் உறுதியாக இடம்பெறக்கூடியவனுக்கே பொருந்தும். ஆறாம் சுற்றுக்கும் ஐயப்பாடாக நிற்பவன், பெரியவர்களைப் பார்த்துத் தானும் விலகுவது வெறும் பாவனை. அவனுக்குப் பௌல் ஆட்டம் நஷ்டமன்று, தன்னைக் காட்டிக்கொள்ளக் கிடைத்த கடைசி வாய்ப்பு.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் ஆக்ஷேபம் வேறொன்று. பந்தேந்தி ஓடும் ரன்னிங் பேக் கடக்கும் ஒவ்வொரு கெஜத்துக்கும் முன்னே ஐந்து தடுப்பாளர்கள் தங்கள் தோளைக் கொடுத்து வழி திறக்கிறார்கள். அவர்களில் பலருக்கு டிராஃப்டும் இல்லை, கோடியும் இல்லை, அந்தப் பௌல் ஆட்டமே வாழ்நாளில் கடைசி ஆட்டம். அவர்களுக்கு நட்சத்திரம் கடன்பட்டவனே; இதை மறுப்பவர் கால்பந்தை அறியாதவர். எனினும் அக்கடனைக் கேட்கும் அதிகாரமும், வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் அதிகாரமும் அவ்வுடனாளிகளுக்கே உரியவை. வர்ணனையாளருக்கும் டிக்கெட் வாங்கியவருக்கும் அவற்றில் பாத்தியதை இல்லை.

ஆட்டக்காரர்கள் பணத்தாசையால் பற்றிழந்தார்கள் என்ற கூற்றுக்கு, பிளேஆஃப் என்னும் பட்டப் போட்டி நேர்ப் பிரமாணமாக நின்று மறுப்புரைக்கிறது. 2014 முதல் நான்கு அணிகளோடும், 2024 முதல் பன்னிரண்டு அணிகளோடும் நடைபெறும் அப்போட்டியில், அபாயம் குறைவில்லாமல் இருந்தும், இத்தகைய விலகல் மிக அருமை. 2023இல் பதின்மூன்று ஆட்டமும் வென்று தன் கலாசாலைக் கூட்டத்தின் பட்டமும் பெற்ற ஃப்ளோரிடா ஸ்டேட், குவாட்டர்பேக் காயமுற்றிருந்ததால் தேர்வுக்குழுவினரால் அப்போட்டியில் சேர்க்கப்படாமல் போயிற்று. உடனே முக்கிய ஆட்டக்காரர் பலர் விலகவும், மிச்சப்பட்டவர்கள் ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63க்கு 3 என்று, பௌல் வரலாற்றிலேயே மிகப்பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். அதே இளைஞர்கள், அதே மாதம்; பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் ஆடியே இருப்பார்கள் என்பதில் ஐயப்பட இடமில்லை.

நிலைமை இப்போது மாறிவருகிறது. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பொருள் ஈட்டலாம் என்றாயிற்று; 2025 ஜூனில் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் அங்கீகரித்த சமரசத்தின்படி, சர்வகலாசாலைகளே முதல் வருஷத்தில் தலைக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரையில் தம் ஆட்டக்காரருக்கு நேராகப் பங்கிடலாம். இதுகாறும் நான் வாதித்த நியாயம் இங்கே என்னையும் கட்டுப்படுத்தும். கூலி வாங்கியவன், பௌல் ஆட்டமும் வேலையில் அடங்கும் என்று எழுதிய பத்திரத்தில் கையொப்பமிட்டிருந்தால், டிசம்பரில் அவன் விலகுவதை ஒப்பந்த மீறல் என்று கலாசாலை சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த நிபந்தனையைக் கோருகிற கலாசாலை, காப்புறுதிப் பிரிமியத்தைத் தானே செலுத்துவதாகவும், டிராஃப்டில் சரிந்த இடத்துக்கு முழு ஈடு தருவதாகவும், பயிற்சியாளரையும் அதே தேதிவரை அதே களத்தில் நிறுத்திவைப்பதாகவும் அப்பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். இம்மூன்றில் கடைசியை எழுத எந்தப் பயிற்சியாளரின் வக்கீல் சம்மதிப்பார் என்பது பார்க்க வேண்டிய விஷயம்.