நாட்பட்ட கண் வறட்சி: ஒளிச் சிகிச்சை யாருக்கு உதவும், யாருக்கு ஆபத்து?

கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல், எரிவு, சிவப்பு, வாசிக்கும்போது எழுத்து மங்கி இமைத்ததும் தெளிதல். இவை மாதக்கணக்கில் நீடித்தால் அது நாட்பட்ட கண் வறட்சியாக இருக்கலாம். சிலருக்குக் கண்ணீர் ஓயாமல் வடியும். உலர்ந்த கண் உறுத்தும்போது அதற்கு எதிர்வினையாகச் சுரக்கும் நீர் அது. ஆகவே "எனக்குத்தான் கண்ணீர் வடிகிறதே" என்று வறட்சியை ஒதுக்கிவிட முடியாது.

இந்த நோய்க்கு மேலைநாடுகளிலும் இந்தியாவிலும் உள்ள தனியார் கண் சிகிச்சை நிலையங்கள் ஒளிச் சிகிச்சையை வழங்கிவருகின்றன. புலம்பெயர்ந்த உறவினர் மூலம் இதைக் கேள்விப்பட்டு, "நாங்களும் செய்யலாமா?" என்று கேட்பவர்கள் பலர். பணம் செலவழிக்க முன்னர் அறிந்திருக்க வேண்டியவை இவை.

கண்ணீரில் உள்ள எண்ணெய்

கண்ணீர் வெறும் நீர் அல்ல. கண்ணோடு ஒட்டியிருக்கும் சளிப்பொருள், அதன் மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் என அது அமைந்துள்ளது. நீர் ஆவியாகாமல் காப்பது இந்த எண்ணெயே. இமை விளிம்பில் வரிசையாக உள்ள மைபோமியன் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. 1666 இல் இவற்றை விபரித்த ஜேர்மனிய வைத்தியர் ஹைன்றிக் மைபோமின் பெயரே இவற்றுக்கு வழங்குகிறது.

இச்சுரப்பிகளில் அழற்சி ஏற்பட்டால், மார்கழிக் குளிரில் உறையும் தேங்காய் எண்ணெய்போல உள்ளிருக்கும் எண்ணெய் தடித்து வாயை அடைத்துவிடும். எண்ணெய் குறைய, கண்ணீர் விரைவில் ஆவியாகும். நாட்பட்ட கண் வறட்சிக்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். ஒளிச் சிகிச்சையும் இந்த வகைக்கு உரியதே.

ஒளி என்ன செய்கிறது?

இது லேசர் அல்ல. செனன் விளக்கிலிருந்து, ஏறத்தாழ 500 முதல் 1200 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளி குறுகிய துடிப்புகளாகப் பாய்ச்சப்படும். முதலில் தோல் நோய்களுக்கே இது பயன்பட்டது. முகம் சிவக்கும் ரோசேசியா நோயாளிகளுக்கு இதைச் செய்தபோது அவர்களின் கண் வறட்சியும் குறைவதை அமெரிக்காவின் மெம்பிஸ் நகரக் கண் வைத்தியர் ரொலாண்டோ டோயோஸ் 2000களின் தொடக்கத்தில் கவனித்தார். 2021 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கண் வறட்சிக்கான இத்தகைய கருவி ஒன்றை முதன்முறையாக அனுமதித்தது.

இமையோரத்தில் தடித்த நுண்குருதிக் குழாய்களிலுள்ள ஈமோகுளோபின் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அக்குழாய்கள் மூடிக்கொள்கின்றன. இதனால் அழற்சி தணிகிறது என்பதே பிரதான விளக்கம். வெப்பம் எண்ணெயை இளக்குவதும், இமைமயிர் அடியில் வாழும் டெமோடெக்ஸ் சிற்றுண்ணிகள் குறைவதும் துணைக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

கண்களைக் கவசத்தால் மூடி, தோலில் ஜெல் பூசி, ஒரு காதிலிருந்து மறுகாதுவரை கன்னத்திலும் மூக்கிலும் ஒளி செலுத்தப்படும். பின்னர் இமையை அழுத்தி, தடித்த எண்ணெயை வெளியேற்றுவர். வழமையாக 2 முதல் 4 வார இடைவெளியில் நான்கு தடவைகள் செய்யப்படும். பலன் நிரந்தரமல்ல, பலருக்கு மீண்டும் செய்ய நேரிடும்.

2020 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வுக்குத் தகுதியான ஆய்வுகள் மூன்றே கிடைத்தன. அவற்றில் பங்கேற்றோர் 114 பேர். உறுதியான முடிவுக்கு அந்தச் சான்று போதாது என்றே மீளாய்வு கூறியது. பின்னர் வந்த ஆய்வுகள் பல சாதகமாக இருந்தாலும், எல்லோருக்கும் பலிக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

எமது தோல் நிறம்

நம்மவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கருமை நிறம் தரும் மெலனினும் இந்த ஒளியை உறிஞ்சும். கருமை கூடிய தோலில் தீக்காயம், கரும்புள்ளி, வெண்திட்டு ஏற்படலாம். தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் பிற்ஸ்பற்றிக் அளவுகோலில் முதல் நான்கு வகையினருக்கே அமெரிக்க அனுமதி உண்டு. தமிழர்களில் பலர் ஐந்தாம், ஆறாம் வகையினர். அவர்களுக்குச் சில இடங்களில் மெலனினால் அதிகம் பாதிக்கப்படாத, குறைந்த சக்தியுள்ள சிவப்பு ஒளிச் சிகிச்சை வழங்கப்படுகிறது. அதற்கான சான்று இன்னும் குறைவு.

அழகு நிலையங்களில் முடி அகற்றப் பயன்படும் கருவியைக் கண்ணருகே ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கண்ணின் உட்பகுதி சேதமடைந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

போருக்குப் பின்னான கண் வறட்சி

எறிகணைக் காயம், தீக்காயத் தழும்பு அல்லது முகநரம்புச் சேதத்தால் இமை முழுதாக மூடாதவர்களுக்கும், கண்ணீர்ச் சுரப்பியே பாதிக்கப்பட்டவர்களுக்கும் இந்த ஒளி தீர்வல்ல. அவர்களுக்குத் தேவை செயற்கைக் கண்ணீர், இரவில் கண் களிம்பு, சிலவேளை இமைச் சத்திரசிகிச்சை.

மருந்துகளும் காரணமாகலாம். இழந்த காலில் தொடரும் நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் கண்ணை உலர்த்தக்கூடியது. அதற்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவின் முன்னாள் படையினரிடம் நடந்த ஆய்வுகளில், போரின் மனவடுவும் மனச்சோர்வும் உள்ளவர்களிடம் கண் வறட்சி கூடுதலாகக் காணப்பட்டது. கண் எரிவைச் சொல்லும்போது நித்திரையின்மையையும் மனப்பாரத்தையும் சேர்த்தே சொல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

செலவில்லாத முதற்படி

சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளில் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள்; ஆற ஆற மாற்றுங்கள். பின்னர் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெதுவாகத் தடவி, விளிம்பைத் துடையுங்கள். தினமும் இருவேளை, சில வாரங்கள் தொடர வேண்டும். விறகடுப்புப் புகையையும் முகத்தில் நேராக வீசும் மின்விசிறியையும் தவிருங்கள். கைத்தொலைபேசி பார்க்கும்போது நினைத்து நினைத்து இமையுங்கள். மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. 2018 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் அது ஒலிவ் எண்ணெய் மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை.

சிவப்பைப் போக்கவென ஸ்டெரொயிட் சொட்டுமருந்தை மருந்தகத்தில் தாமாக வாங்கி விடுவது குளுக்கோமாவுக்கும் கண்புரைக்கும் வழிவகுக்கும்.

ஒளிச் சிகிச்சையை நாடுபவர்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் வறட்சி எண்ணெய்ச் சுரப்பியால் வந்ததா? என் தோல் எந்த வகை? கருமையான தோலில் இதைச் செய்து உங்களுக்கு அனுபவம் உண்டா? லூபஸ் நோய், கர்ப்பம், ஒளிக்கூச்சம் ஏற்படுத்தும் மருந்துகள், முகத்தில் எஞ்சியுள்ள எறிகணைச் சிதறல்கள் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். கடும் வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியன வறட்சியின் சாதாரண அறிகுறிகள் அல்ல. அன்றைய தினமே வைத்தியசாலைக் கண் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.