படகிலிருந்து பார்த்த ஊர்: குட்ரிச்சும் வை ஆற்றுப் பயணமும்

இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், வை ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் குட்ரிச் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டிய மேட்டின் விளிம்பில் சிவப்பு மணற்கல் கோட்டை ஒன்று இடிந்து நிற்கிறது. விடுமுறை நாளில் இப்படி ஓர் ஊர், ஓர் ஆறு, ஒரு கோட்டை என்று பார்த்துவருவது இன்று இயல்பான செயல். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்காக யாரும் பயணம் கிளம்பியதில்லை என்றே சொல்லிவிடலாம். இந்தப் பழக்கம் உருப்பெற்ற இடங்களில் வை ஆற்றுக்கு முதன்மையான பங்கு உண்டு. அது படகில் உருவான பழக்கம் என்பதும், கோட்டை காட்சிக்குள் வந்து ஊர் வெளியே போனதற்கு அதுவே காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கோட்டை எழுந்தது காட்சிக்காக அன்று. குளோஸ்டரிலிருந்து வேல்ஸுக்குப் போகும் பழைய பாதை ஆற்றைக் கடக்கும் துறையைக் காப்பதே அதன் வேலை. 1100ஐ ஒட்டிய ஆவணத்திலேயே அது ‘காட்ரிக்கின் கோட்டை’ என்று குறிக்கப்படுகிறது. ஊருக்குப் பெயர் கிடைத்ததும் அந்தக் காட்ரிக்கிடமிருந்துதான். சாம்பல் நிறக் கல்லாலான நடுக்கோபுரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைச் சுற்றியுள்ள செந்நிற மதில்களும் மூலைக் கோபுரங்களும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் டி வாலன்ஸ் குடும்பத்தார் கட்டியவை. உள்நாட்டுப் போரின்போது அரசர் தரப்பு ஹென்றி லிங்கனின் பிடியில் இருந்த கோட்டையை, 1646இல் நாடாளுமன்றத் தரப்புத் தளபதி ஜான் பர்ச் முற்றுகையிட்டார். ‘ரோரிங் மெக்’ என்ற குட்டைப் பீரங்கி இதற்கென்றே உள்ளூரில் வார்க்கப்பட்டது. ஜூலை 31 அன்று கோட்டை சரணடைந்தது. மீண்டும் பயன்படாதபடி அடுத்த ஆண்டு அதை இடித்தும் விட்டார்கள். பின்னாளில் பயணிகள் ரசிக்கப்போகும் இடிபாட்டை அந்த வட்டாரத்து இரும்புதான் உண்டாக்கியது. இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ரசித்தவர்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்ளவில்லை.

1745இல் ராஸ் ஊரின் பங்குக்குருவாக வந்தவர் ஜான் எகர்டன். பிற்காலத்தில் டர்ஹாம் ஆயரானவர். தம் வீட்டுக்கு வந்த விருந்தினரைப் படகில் ஏற்றி ஆற்றைச் சுற்றிக்காட்டினார். விருந்தோம்பலாகத் தொடங்கியது மெல்லக் கூலிக்குக் கிடைக்கும் சேவையாயிற்று. ராஸிலிருந்து மான்மத் ஒரு நாள், மான்மத்திலிருந்து டின்டர்ன் வழியாகச் செப்ஸ்டோ இன்னொரு நாள் என்று பயணத்துக்கு ஒரு திட்டமும் அமைந்தது.

அதற்கு இலக்கணம் எழுதியவர் வில்லியம் கில்பின். பள்ளி ஆசிரியராகவும் பாதிரியாராகவும் இருந்த இவர், 1770 கோடையில் இந்த ஆற்றில் சென்றார். அந்தப் பயணத்தைப் பற்றிய அவர் நூல் 1782இல் வெளிவந்தது. எதைப் பார்ப்பது என்பதைவிட, எப்படிப் பார்ப்பது என்பதையே அது கற்பித்தது. கூரையிட்ட படகு, மூன்று ஆட்கள். போவதற்கு அவ்வளவு பேர் வேண்டாம், திரும்ப எதிர்நீரில் துடுப்புப் போடுவதுதான் பாடு என்று அவரே எழுதுகிறார். ஆற்றுப்பரப்பை மேடையாகவும், இரு கரைகளைப் பக்கத் திரைகளாகவும், வளைவில் எதிர்ப்படும் கரையை முன்திரையாகவும் பகுத்தார். குட்ரிச் கோட்டை தெரியும் வளைவில் துடுப்பை நிறுத்தச் சொல்லி, இலக்கணம் பிசகாத ஓவியக் காட்சி என்று அதற்கு மதிப்பெண் கொடுத்தார். இயற்கைக்கு வண்ணம் வரும், அமைப்பு அவ்வளவாக வராது என்பது அவர் கட்சி. இடிந்து நின்ற டின்டர்ன் மடத்தின் முக்கோணச் சுவர் முகடுகளைச் சுத்தியலால் கொஞ்சம் தட்டினால் நன்றாயிருக்கும் என்று சொன்னவரும் இவரே. கரையோரக் கரி அடுப்புகளின் புகைகூட அவருக்கு மலைமேல் படர்ந்த மெல்லிய திரையாகத் தெரிந்தது. அந்தக் கரிதான் 16ஆம் நூற்றாண்டு முதலே கம்பி இழுத்துவந்த டின்டர்ன் இரும்புப் பட்டறைகளை எரியவைத்தது.

கில்பினுக்கு மனிதர் கண்ணில் படவே இல்லை என்பது நியாயமாகாது. டின்டர்ன் இடிபாட்டுக்குள் குடியிருந்த ஏழைகளைப் பற்றி அவர் எழுதியது நெஞ்சை உறுத்தும். ஆனால் அங்கே அவர் படகைவிட்டு இறங்கியிருந்தார். நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குக் குட்ரிச்சில் தெரிவது கோட்டை மட்டுமே. மேட்டுக்கு அப்பால் இருக்கும் வீடுகள் அவர் திரைகள் எதிலும் இடம்பெறவில்லை.

1793இல் பிரான்சுடன் மூண்ட போர் ஐரோப்பாவின் கதவை அடைத்தது. இத்தாலிக்குப் போயிருக்க வேண்டியவர்கள் வை ஆற்றுக்கு வந்தார்கள். மான்மத் அச்சகர் சார்லஸ் ஹீத் வழிகாட்டி நூல்களை அச்சிட்டு விற்றார். 1802இல் கடற்படைத் தளபதி நெல்சனும் ராஸிலிருந்து மான்மத்துக்குப் படகில் போனார்.

போர் மூண்ட அதே ஆண்டில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் இப்பகுதிக்குக் கால்நடையாக வந்தார். குட்ரிச் கோட்டை வளாகத்தில் ஒரு சிறுமியைச் சந்தித்தார். 1798இல் வெளியான ‘நாங்கள் எழுவர்’ என்ற பாடல் அவளிடமிருந்து பிறந்தது. இந்தச் சுற்றுலா இலக்கியத்தில் குட்ரிச்சின் குரல் ஒன்று கேட்பது இங்கேதான். கேட்டவர் நடந்து வந்தவர் என்பது தற்செயலன்று. 1841இல் அவர் திரும்பி வந்தபோது அவளைத் தேட வழியில்லை. பெயரைக்கூட அவர் கேட்டுவைத்திருக்கவில்லை. அவர் எரிச்சலெல்லாம் வேறொன்றின்மேல் பாய்ந்தது. போர்க்கவசச் சேகரிப்பாளர் சாமுவேல் ரஷ் மேரிக் பழைய கோட்டையை விலைக்குக் கேட்டுக் கிடைக்காமல், அதே மேட்டுத்தொடரில் 1828 முதல் குட்ரிச் கோர்ட் என்ற புதுக் கோட்டை மாளிகையைக் கட்டியிருந்தார். அதை ஊதித் தள்ளிவிட முடிந்தால் தேவலை என்கிற தொனியில் கவிஞர் குறிப்பு எழுதினார். ஏறத்தாழ 1950இல் அதுவும் இடிக்கப்பட்டது. அந்த இடிபாட்டை ஓவியமாகக் காண யாரும் வரவில்லை.

மாளிகை எழுந்த காலத்தை ஒட்டியே, ஆற்றின் குறுக்கே கெர்ன் பாலமும் கட்டப்பட்டது. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் சுங்கச் சாலையும் வந்தது. 1873இல் ராஸ்–மான்மத் ரயில் பாதை திறந்து, கெர்ன் பாலத்தருகே ஒரு நிலையமும் அமைந்தது. இரண்டு நாள் படகுப் பயணம் அரை நாள் உல்லாசமாகச் சுருங்கியது. படகோட்டிகளின் பிழைப்பும் அதோடு சுருங்கியது. 1901இல் டின்டர்ன் மடத்தை அரசு வாங்கி, அதன் சுவர்களில் படர்ந்திருந்த, கில்பின் மெச்சிய கொடிகளைக் களைந்தது. குட்ரிச் கோட்டை 1920இல் அரசின் பராமரிப்புக்கு வந்தது. ரயில் 1959இல் நின்றது. 1971இல் பள்ளத்தாக்கு சிறப்பு இயற்கை எழில் வட்டாரமாக அறிவிக்கப்பட்டபோது, காப்பதற்கென்று சட்டம் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஏறக்குறைய கில்பினுடையதே: கண்ணுக்குத் தெரியும் அழகு.

அந்த அளவுகோலுக்கு எட்டாதது தண்ணீர். ஆற்றின் நீர்பிடிப்புப் பகுதியில் கோழிப்பண்ணைகள் பெருகி, எருவிலிருந்து பாஸ்பேட் வழிந்து, கோடையில் பாசி படர்கிறது. 2023இல் இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, ஆற்றின் நிலையை ‘சாதகமற்றது, மோசமடைகிறது’ என்று தாழ்த்தியது. படகிலிருந்து பார்த்தால் வளைவு இன்றும் கில்பின் சொன்னபடியே இருக்கிறது. நீரின் கேட்டைப் பதிவு செய்பவர்களில் கரையோர ஊர்க்காரர்களும் உண்டு. சோதனைக் கருவியோடு ஆற்றில் இறங்கி நீரை மொண்டு அளந்து எழுதிவைக்கிறார்கள்.