ஒரு லைனும் இரண்டு கம்ப்யூட்டரும்



போன வாரம் பெரியவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் பேத்தி மேக் கம்ப்யூட்டரில் வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் விண்டோஸ் மடிக்கணினியில் அலுவலக வேலை. மகன் வழக்கம்போல லினக்ஸ். என் கையில் ஆண்ட்ராய்டு போன். நால்வருக்கும் சேர்த்து சுவரில் ஒரே ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரே ஒரு லைன். யாரும் யாரையும் பார்த்து "போதும், எழுந்திரு" என்று சொல்லவில்லை.

எனக்கு 2001 ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் சொன்ன ஒரு வார்த்தையும் ஞாபகம் வந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வரலாற்று டீச்சர் அல்லவா, கதையோடு வரலாற்றையும் சேர்த்துத்தான் சொல்வேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அப்போது பெரியவன் இன்ஜினியரிங் கடைசி வருடம், சின்னவள் பிளஸ் டூ. வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். சின்னவளுடையதில் விண்டோஸ் 98. பெரியவன், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டில் இருந்து லினக்ஸ் போட்டு வைத்திருந்தான். போன் லைன் ஒன்றுதான். மோடம் கிரீச்சென்று கத்தி இணைந்தால் போன் எங்கேஜ்டு. ஊரில் இருந்து பெரியம்மா கூப்பிட்டால் கிடைக்காது. இணையத்துக்கும் மணிக்கணக்கு, போனுக்கும் பில். ஒருத்தர் உட்கார்ந்தால் இன்னொருத்தர் காத்திருக்க வேண்டும். தினமும் சண்டை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருகிற ஒருவரிடம் வழி கேட்டேன். "ரெண்டுலயும் ஒரே சிஸ்டம் இருந்தாத்தான் டீச்சர் லைனைப் பங்கு போட முடியும்" என்றார். நம்பிவிட்டேன். மகனைக் கூப்பிட்டு, "உன் லினக்ஸை அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுக்கோ. தங்கச்சி படிக்கணும்ல, நீதான் விட்டுக் கொடுக்கணும்" என்று சொன்னேன். அவனுடைய ப்ராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருந்தது. அவன் பதில் பேசவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நான் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பது பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது. இணையத்தின் வரலாறே அதற்கு நேர் எதிரானது.

1969ஆம் வருடக் கடைசியில் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற வலையில் முதலில் இணைந்தவை 4 இடங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், சாண்டா பார்பரா, யூட்டா ஆகிய பல்கலைக்கழகங்களும் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையமும். அந்த நான்கு கம்ப்யூட்டர்களும் வெவ்வேறு ரகம். ஒன்று ஐ.பி.எம்., ஒன்று டெக் நிறுவனத்தின் பி.டி.பி.-10, மற்ற இரண்டும் எஸ்.டி.எஸ். நிறுவனத்தின் இரு வேறு மாதிரிகள். அவற்றை இயக்கிய மென்பொருள்களும் வேறு வேறு. ஆக, "வேறு வேறு சிஸ்டம் எப்படிப் பேசிக்கொள்ளும்" என்ற கேள்வியோடுதான் இணையமே பிறந்தது.

அதே 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் என்ற மாணவர் முதல் ஆர்.எஃப்.சி. ஆவணத்தை எழுதினார். "கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் குறிப்பு அது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதன்படி மென்பொருள் எழுதலாம். 1974இல் விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் வலைகளையே ஒன்றோடொன்று இணைக்கும் திட்டத்தை வெளியிட்டார்கள். அது வளர்ந்து டி.சி.பி./ஐ.பி. என்ற பொது விதியானது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் முழுவதும் இந்த விதிக்கு மாறியது.

அப்போது ஒவ்வொரு கம்பெனியும் தன் பெட்டிகளுக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தது. ஆப்பிளுக்கு ஆப்பிள்டாக், நாவெல்லுக்கு ஐ.பி.எக்ஸ்., டெக்குக்கு டெக்நெட். ஒரு கம்பெனியின் பெட்டியை வாங்கினால் அந்தக் குடும்பத்துக்குள்ளேயேதான் பேசலாம். டி.சி.பி./ஐ.பி. மட்டும் எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை. அதனால் எல்லோரும் அதைத் தங்கள் மென்பொருளில் சேர்க்க முடிந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில் 1983லேயே வந்துவிட்டது. மேக்கில் 1994இல் வந்த சிஸ்டம் 7.5 பதிப்போடு சேர்ந்தே வந்தது. விண்டோஸ் 3.1இல் அது இல்லாததால், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் டாட்டம் டிரம்பெட் வின்சாக் என்ற மென்பொருளை எழுதிக் கொடுத்தார். உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதற்கு 9 நாள் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானது. அதில் டி.சி.பி./ஐ.பி. உள்ளேயே இருந்தது. ஆக 2001இல் எங்கள் வீட்டு இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே பாஷை நன்றாகத் தெரியும். தெரியாதது எனக்குத்தான்.

சரி, பாஷை ஒன்று. ஆனால் லைன் ஒன்றுதானே, அதை இரண்டு பேர் எப்படிப் பங்கு போடுவது? இங்கேதான் முகவரிப் பிரச்சினை வருகிறது.

இணையத்தில் பேசும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். 1981இல் வகுத்த முறைப்படி மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான். அன்றைக்கு அது கடல் மாதிரித் தெரிந்தது. 1990களின் தொடக்கத்திலேயே போதாது என்று புரிந்துவிட்டது. டயல் செய்கிற வீட்டுக்கு ஒரு எண்தான் கிடைக்கும். இரண்டாவது கம்ப்யூட்டருக்கு முகவரி இல்லை.

1994 மே மாதம் எகேவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஆர்.எஃப்.சி. 1631இல் ஒரு வழி சொன்னார்கள். நாட் என்று அதற்குப் பெயர். நம் பள்ளி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு ஒரே தபால் முகவரி, உள்ளே நாற்பது ஆசிரியர்கள். யார் எழுதிய கடிதமானாலும் கிளார்க் சார் பதிவேட்டில் ஏற்றி, ந.க. எண் போட்டு, பள்ளி முகவரியில் இருந்துதான் அனுப்புவார். பதில் வரும்போது "பார்வை" என்ற இடத்தில் அந்த எண் இருக்கும். பதிவேட்டைப் புரட்டினால் கடிதம் யார் மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். வீட்டில் லைனைப் பிடித்திருக்கும் பெட்டியும் அதையேதான் செய்கிறது. ந.க. எண்ணுக்குப் பதில் போர்ட் எண். வெளியே வீட்டுக்கு ஒரு முகவரி. உள்ளே இருப்பவர்களுக்கு, 1996 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1918 தனிப்பட்ட உள் வலைகளுக்கென்று ஒதுக்கி வைத்த எண்கள். 192.168 என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். உங்கள் வீட்டிலும் அதே எண் இருக்கும், என் வீட்டிலும் இருக்கும். வெளியே தெரியாததால் குழப்பம் இல்லை.

கிளார்க் சார் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. 1996இல் வந்த லினக்ஸ் 2.0இல் இந்த வசதி இருந்தது, மாஸ்கரேடிங் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் 1999இல் விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பில் இதைச் சேர்த்தது. சின்னவளுடையது முதல் பதிப்பு, அதில் இல்லை. அதாவது அழிக்கச் சொன்னேனே, அந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்தான் எங்கள் வீட்டில் லைனைப் பங்கு போடத் தெரிந்த ஒரே பெட்டி!

மூன்றாம் நாள் சனிக்கிழமை, பெரியவன் பழைய வெளி மோடம் ஒன்றை வாங்கி வந்தான். கம்ப்யூட்டருக்குள்ளே செருகும் மலிவு மோடம்கள் பலவும் விண்டோஸை மட்டும் நம்பி இருந்தவை, லினக்ஸில் ஓடாது. இரண்டு நெட்வொர்க் கார்டு, நடுவில் ஒரு கிராஸ் கேபிள். இரவு பதினொரு மணிக்குத் தன் பெட்டியில் இருந்து டயல் செய்தான். தங்கச்சியைக் கூப்பிட்டு, "இப்ப உன் மெயிலைத் திற" என்றான். திறந்தது. அவனும் இந்தப் பக்கம் ஏதோ படித்துக்கொண்டிருந்தான். வேகம் பாதியானது. சண்டை முழுசாக நின்றது.

"ரெண்டும் வேற வேறதானேடா?" என்று கேட்டேன். "வேறதாம்மா. ஆனா ரெண்டும் ஒரே விதிக்கு ஒத்துக்கிட்டிருக்கு. அதுக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல" என்றான். தேச ஒருமைப்பாடு பற்றி வருடா வருடம் கட்டுரை எழுதச் சொன்னவள் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வேலையைப் பிறகு சிறு பெட்டிகள் எடுத்துக்கொண்டன. 2002 கடைசியில் லிங்க்சிஸ் விற்கத் தொடங்கிய ஒரு வீட்டு ரவுட்டர் மிகப் பிரபலம். அதற்குள்ளே ஓடியது லினக்ஸ்தான் என்று மறு வருடம் தெரியவந்தது. லினக்ஸின் உரிம விதிப்படி அந்த மூல நிரலை நிறுவனம் வெளியிட வேண்டியதாயிற்று. மகனிடம் கேட்டேன், அவன் வீட்டு வெள்ளைப் பெட்டிக்குள்ளும் லினக்ஸ்தானாம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நாட்டை எழுதியவர்களே அதைக் குறுகிய காலத் தீர்வு என்றுதான் குறிப்பிட்டார்கள். "பார்வை" எண் இல்லாமல் வெளியில் இருந்து புதிதாக ஒரு கடிதம் வந்தால், யாருக்குக் கொடுப்பது என்று கிளார்க்குக்குத் தெரியாது. அதனால் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் கேட்டு வாங்கலாம். யாரும் நேரே வந்து கதவைத் தட்ட முடியாது. நிரந்தரத் தீர்வாக ஐ.பி. 6 என்ற பெரிய முகவரி முறையை 1990களிலேயே வகுத்துவிட்டார்கள். பழைய எண்களின் மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தும் போனது. ஆனாலும் தற்காலிகக் கொட்டகை இடிக்கப்படவில்லை. இன்று பல நிறுவனங்கள் எத்தனையோ வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ஐ.பி. 6 பயன்பாட்டில் நம் நாடு உலகின் முன்வரிசையில் இருப்பது ஆறுதல்.

போன வாரம் ஊருக்குக் கிளம்பும்போது பெரியவனிடம், "அன்னைக்கு உன் லினக்ஸை அழிக்கச் சொன்னேனே, தப்புடா" என்றேன். "அம்மா, அதை இன்னுமா நினைச்சிட்டிருக்க?" என்று சிரித்துவிட்டு, என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

உங்கள் வீட்டில் முதல் இணைய லைன் எப்போது வந்தது, யாரோடு சண்டை போட்டீர்கள்? கீழே எழுதுங்கள். இரவில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்