காஞ்சிபுரத்தில் கூட்டுப்பேர உரிமை

கூலி, வேலைநேரம், போனஸ் ஆகியவற்றைத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு முதலாளியிடம் பேசி முடிப்பது கூட்டுப்பேரம். இதற்கான அமைப்புக்குத் தமிழகத்தில் அடித்தளம் இட்டவர்கள் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள். அவர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் தலைவர் பி. பி. வாடியா மீது நிர்வாகம் வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தில் தடையாணையும் பெற்றது. சங்கம் நடத்துவோருக்குச் சட்டப் பாதுகாப்பு 1926-இன் தொழிற்சங்கச் சட்டத்தால்தான் கிடைத்தது.

அச்சட்டமும் 1947-இன் தொழில் தகராறு சட்டமும் ஆலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காஞ்சிபுரத்திலோ பட்டுத் தறி வீட்டுக்குள் இருக்கிறது. பாவும் ஜரிகையும் முதலாளி தருவார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் இணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். அதனால் நெசவாளர் பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்கார்வார். பெரும்பாலும் மனைவி, முன்பெல்லாம் பிள்ளை. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடை செய்த தொழில்களில் சேர்த்தது. ஆனால் குடும்பமே நடத்தும் தொழிற்கூடத்துக்கு விலக்கும் அளித்தது. சட்டம் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடைபடாத நெசவாளர், அவரிடமே கூலி உயர்வு கேட்க எப்படித் துணிவார்?

நெசவாளரே உறுப்பினரான கூட்டுறவுச் சங்கங்கள் இந்தப் பிடியை ஓரளவு தளர்த்தின. மாநில அரசு 1981-இல் கைத்தறித் தொழிலாளர் சட்டத்தையும், 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தையும் இயற்றியது. பின்னதன் கீழ் அமைந்த நலவாரியம் கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் வழங்குகிறது. இவை வேண்டியவையே. ஆனால் கூலி பேசும் வலிமையை வாரிய அட்டை தருவதில்லை. அந்த வலிமைக்கு அடிப்படையான தொழிற்சங்க அங்கீகாரத்துக்கென மகாராஷ்டிரம் 1971-லும் கேரளம் 2010-லும் சட்டம் இயற்றின, தமிழ்நாடு இயற்றவில்லை.

அந்தக் குறையை இதே காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம் வெளிச்சமிட்டது. சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பதிவு கேட்ட அவர்களுடைய சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ இருக்கக் கூடாது என்று நிறுவனம் வாதிட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகே, 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், ஒரு நிறுவனத்தில் 51 விழுக்காட்டினரின் ஆதரவுள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. வருகைப் பதிவேடே இல்லாத வீட்டுத் தறிக்கு இந்தக் கணக்கு எட்டாது. பட்டு நெசவாளரின் கூலிப் பேச்சுக்குத் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும்.