வடை வடிவத்தில் ஒரு சூரியன்: பிரதிமன் காவ்

இந்திய விஞ்ஞானிகளின் பெயர்களைக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட சி.வி.ராமன், ஹோமி பாபா, விக்ரம் சாராபாய், அப்துல் கலாம் என்று கடகடவென்று சொல்லிவிடுவார்கள். பிரதிமன் கிருஷன் காவ் என்று சொல்லிப் பாருங்கள். "அது யாருங்க?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இத்தனைக்கும் சூரியனுக்குள் நடப்பதை பூமியில் நடத்திக் காட்டும் முயற்சியில் இந்தியாவுக்கு ஒரு நாற்காலி கிடைத்ததென்றால், அதற்கு முக்கியக் காரணம் இவர்தான்.

காவ் ஒரு கோட்பாட்டு இயற்பியலாளர். அதாவது பேப்பரும் பேனாவும்தான் அவருடைய ஆயுதங்கள். அப்படிப்பட்டவர் தன் 34-வது வயதில் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு, இந்தியாவில் இயந்திரம் கட்ட வந்தார். அந்த முடிவு சரியா தவறா என்பதற்கு இன்றைக்கும் கணக்கு முடியவில்லை. அந்தக் கதைதான் இது.

சரி, பிளாஸ்மா என்றால் என்ன?

திடம், திரவம், வாயு மூன்றும் நமக்குத் தெரியும். வாயுவை மேலும் மேலும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து தனியாக ஓட ஆரம்பிக்கும். இந்த நிலைக்குப் பெயர்தான் பிளாஸ்மா. மின்னல், டியூப் லைட்டுக்குள் ஒளிரும் வாயு, சூரியன் எல்லாமே பிளாஸ்மாதான்.

சூரியனில் ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியம் ஆகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல்தான் நம் வெயில். இதற்கு அணுக்கரு இணைவு என்று பெயர். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது இதற்கு நேர்மாறான அணுக்கருப் பிளவு. இணைவுக்கு வேண்டிய டியூட்டீரியம் கடல் தண்ணீரிலேயே இருக்கிறது. அதோடு சேரும் டிரிட்டியத்தை லித்தியத்திலிருந்து தயாரிக்கலாம். நிலக்கரிப் புகை கிடையாது. பிளவு உலைகளில் வருவது போல ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாதுகாக்க வேண்டிய எரிபொருள் கழிவும் கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் பூமியில் இதை நடத்த சுமார் 15 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? பிளாஸ்மா மின்னூட்டம் கொண்டது என்பதால் காந்தப் புலத்தால் அதைப் பிடித்து வைக்க முடியும். உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள ஒரு கலனுக்குள், சுவரில் படாமல் பிளாஸ்மாவைச் சுற்றவிடும் இந்தக் கருவிக்கு டோக்கமாக் என்று பெயர். சோவியத் விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்பு இது.

திருமயம் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய அந்தக் கோட்டை, குன்றைச் சுற்றிச் சுற்றாக எழுந்த மதில்களைக் கொண்டது. டோக்கமாக்கில் காந்தப் புலமும் அப்படித்தான், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்குகள். நடுவில் இருக்கும் வெப்பம் வெளியே வரவேண்டுமானால் ஒவ்வொரு அடுக்காகத் தாண்டி வரவேண்டும். கோட்டைக்கு எதிரி வெளியில் இருப்பான், இங்கே எதிரி உள்ளேயே இருக்கிறான் என்பதுதான் வித்தியாசம். பிளாஸ்மா நெளியும், துள்ளும், சின்னச் சின்னச் சுழல்களாக மாறித் தப்பிக்கும். சல்லடையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. அது எப்படித் தப்பிக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்பவர்கள்தான் காவ் போன்ற கோட்பாட்டாளர்கள்.

பதினெட்டு வயதில் முனைவர் பட்டம்

காவ் 1948 ஜனவரி 15 அன்று ஸ்ரீநகரில் பிறந்தார். சாதாரணமாக ஒருவர் கல்லூரியில் சேரும் வயதில் அவர் கல்லூரிப் படிப்பையெல்லாம் முடித்துவிட்டார்! டெல்லி ஐஐடியில் பேராசிரியர் எம்.எஸ்.சோதாவிடம் ஆராய்ச்சி செய்து, 1966-ல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 18. டெல்லி ஐஐடி வழங்கிய முதல் முனைவர் பட்டம் அதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்து அமெரிக்காவின் பிரின்ஸ்டன். அங்கே ஜான் டாசன் என்ற பெரிய பிளாஸ்மா இயற்பியலாளருடன் சேர்ந்து வேலை செய்தார். லேசர் கண்டுபிடிக்கப்பட்டு பத்து வருடம் கூட ஆகாத காலம். சக்திவாய்ந்த லேசர் ஒளி பிளாஸ்மாவுக்குள் போனால் என்ன ஆகும் என்பது அவர்களுடைய கேள்வி.

அடர்த்தியான பிளாஸ்மா சாதாரண ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஒளி மிக மிகத் தீவிரமாக இருந்தால் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஆட ஆரம்பிக்கும். ஐன்ஸ்டீனின் சார்பியல்படி அப்போது அவற்றின் நிறை கூடும். கனமான எலக்ட்ரான்களால் ஒளியைத் தடுக்க முடியாது, எனவே மூடியிருந்த கதவு திறந்துகொள்ளும். 1970-ல் காவும் டாசனும் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அவ்வளவு தீவிரமான லேசர்கள் அப்போது உலகில் எங்குமே கிடையாது. அவை பின்னால் வந்தபோது அந்தக் கட்டுரை தயாராகக் காத்திருந்தது.

போவதும் வருவதும்

1971-ல் காவ் இந்தியா திரும்பி அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1975-ல் மறுபடியும் பிரின்ஸ்டன். அந்த வருடங்கள் இணைவு ஆராய்ச்சியின் பொற்காலம் என்றே சொல்லலாம். எண்ணெய் விலை எகிறியதால் அமெரிக்க அரசு பணத்தைக் கொட்டியது. 1978-ல் பிரின்ஸ்டனின் டோக்கமாக்கில் பிளாஸ்மா 6 கோடி டிகிரி அளவை எட்டியது. அதைவிடப் பெரிய டிஎஃப்டிஆர் என்ற இயந்திரம் கட்டப்பட்டு 1982 டிசம்பரில் முதல் பிளாஸ்மாவைக் காட்டியது.

அதே 1982-ல்தான் காவ் இந்தியா வந்தார். உலகத்தின் மிகப் பெரிய டோக்கமாக்குகளில் ஒன்று கண் திறக்கும் நேரத்தில், ஒரு டோக்கமாக் கூட இல்லாத நாட்டுக்கு!

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் அகமதாபாத்தில் பிளாஸ்மா இயற்பியல் திட்டம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. 1986-ல் அது பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் என்ற தனி அமைப்பானது. காந்திநகர் அருகே சபர்மதி ஆற்றங்கரையில் பாட் என்ற கிராமத்தில் அதன் வளாகம் எழுந்தது. காவ்தான் முதல் இயக்குநர். 1985-ல் பத்மஸ்ரீ விருதும், 1986-ல் பட்நாகர் விருதும் அவருக்குக் கிடைத்தன.

பெரிய நகரத்துக்கு வெளியே இப்படி ஒரு ஆய்வுக்கூடம் வளர்வது புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. திருமயத்திலிருந்து சற்று தூரத்தில் உள்ள காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1948-ல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். வறண்ட பூமியில் நட்ட விதை முளைக்க நாளாகும். ஆனால் யாராவது நட்டால்தானே முளைக்கும்?

ஆதித்யா

1989-ல் ஆதித்யா இயங்கத் தொடங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்து இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் டோக்கமாக் இது. ஆதித்யா என்றால் சூரியன், பொருத்தமான பெயர். வடையின் மையத்திலிருந்து வளையத்தின் நடுப்பகுதி வரை 75 சென்டிமீட்டர்தான். பிரின்ஸ்டன் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் பொம்மை மாதிரி.

வெளிநாட்டில் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். வாங்கவும் செய்தார்கள். கொல்கத்தாவின் சாகா அணு இயற்பியல் நிறுவனத்துக்கு ஜப்பானின் தோஷிபா ஒரு சிறிய டோக்கமாக்கைச் செய்து கொடுத்தது. அதில் நல்ல ஆராய்ச்சிகளும் நடந்தன. ஆனால் வாங்கியவருக்கு இயக்கத்தான் தெரியும், கட்டியவருக்குத்தான் அடுத்ததைக் கட்டத் தெரியும். காந்தச் சுருள், வெற்றிடக் கலன், மின்வழங்கி என்று ஒவ்வொன்றையும் செய்து பழகிய ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் ஆதித்யாவால் உருவானார்கள்.

பொம்மை என்று சொன்ன இயந்திரத்திலிருந்து உலகம் கவனித்த ஒரு முடிவும் வந்தது. பிளாஸ்மாவின் ஓரத்திலிருந்து துகள்கள் எப்படிக் கசிகின்றன? தூறல் போல ஒரே சீராக இல்லை, இடையிடையே திடீரென்று கொட்டும் மழை போல வெடித்து வெடித்து வருகின்றன என்று ஆதித்யா குழுவினர் 1992-ல் காட்டினார்கள். காவும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். பெரிய இயந்திரங்களின் சுவரைக் காப்பாற்ற இந்த விவரம் முக்கியம். ஏனென்றால் சராசரி மழையைத் தாங்கும் கூரை கொட்டும் மழையில் ஒழுகிவிடும்.

நிர்வாகப் பொறுப்பு வந்ததும் பல விஞ்ஞானிகள் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள். காவ் நிறுத்தவில்லை. தூசித் துகள்கள் கலந்த பிளாஸ்மா, திடப்பொருள் மாதிரி பக்கவாட்டில் குலுங்கும் அலைகளைக் கடத்தும் என்று 1998-ல் அபிஜித் சென்னுடன் சேர்ந்து கணித்தார். 2002-ல் அதே நிறுவனத்தின் சோதனையில் அந்த அலைகள் தென்பட்டன. கணக்குப் போட்டவரும் சோதனைக்கூடமும் ஒரே வளாகத்தில்! 1982-ல் அவர் தேடி வந்தது இதைத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

சறுக்கல்

எல்லாமே வெற்றி என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. ஆதித்யாவுக்கு அடுத்து எஸ்எஸ்டி-1. மீகடத்திக் காந்தங்கள் கொண்ட இதில் பிளாஸ்மாவை 1000 விநாடிகள் வரை நிறுத்தி வைப்பது இலக்கு. 1990-களின் நடுவில் தொடங்கிய திட்டம் இது. ஆனால் முதல் முறை பூட்டிக் குளிர்வித்துப் பார்த்தபோது கோளாறுகள் தெரிந்தன. பிரித்து, திருத்தி, மறுபடியும் பூட்ட வேண்டியதாயிற்று. முதல் பிளாஸ்மா 2013 ஜூனில்தான் வந்தது. 2012 வரை இயக்குநராக இருந்த காவ் தன் பதவிக் காலத்தில் அதைப் பார்க்கவில்லை. ஒரு இயந்திரத்துக்கு இருபது ஆண்டுகள் என்பது வரிப்பணம் கொடுப்பவர் கேள்வி கேட்கக்கூடிய விஷயம்தான்.

ஏழு பேர் சேர்ந்து கட்டும் உலை

இதற்கிடையில் பிரான்சில் ஈட்டர் என்ற மாபெரும் டோக்கமாக்கைக் கட்ட உலக நாடுகள் கைகோத்தன. 50 மெகாவாட் வெப்பத்தை உள்ளே செலுத்தி 500 மெகாவாட் எடுப்பது அதன் நோக்கம். 2005 டிசம்பரில் இந்தியா அதில் முழு உறுப்பினராகச் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகியவற்றோடு ஏழாவது கூட்டாளி. ஈட்டரின் அறிவியல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்குத் தொடக்க ஆண்டுகளில் காவ் தலைவராகவும் இருந்தார்.

இந்தியாவின் பங்கு சுமார் 9 சதவீதம், அதிலும் பெரும்பகுதி பணமாக அல்ல, பொருளாக. ஈட்டர் முழுவதையும் மூடும் கிரையோஸ்டாட் என்ற உறை இந்தியா செய்து கொடுத்தது. சுமார் 30 மீட்டர் உயரம், 3,800 டன்னுக்கு மேல் எடை. எல் அண்ட் டி நிறுவனம் குஜராத்தின் ஹஜிராவில் துண்டு துண்டாகச் செய்து கப்பலில் அனுப்பியது.

நாளைக்கே இணைவு உலை வந்தாலும் மின்சாரம் எடுப்பது பழைய முறையில்தான். வெப்பத்தால் நீராவி, நீராவியால் டர்பைன். அந்த நீராவியைக் கொண்டுபோகக் குழாய் வேண்டும். 2013-ல் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்த திருமயம் பெல் ஆலை மின்நிலையக் குழாய்களுக்கானதுதான். ஆகவே செயற்கைச் சூரியன் என்பது வானத்தில் நடக்கிற விஷயமல்ல. வெல்டிங் தெரிந்த கைகளுக்கும் அதில் வேலை இருக்கிறது.

பற்றும் வரவும்

1955-ல் ஜெனீவா மாநாட்டில் தலைமை வகித்த ஹோமி பாபா, இருபது ஆண்டுகளில் இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் வழி கிடைத்துவிடும் என்று கணித்தார். எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. 2025-ல் முதல் பிளாஸ்மா என்று சொல்லிவந்த ஈட்டர், 2024-ல் தன் அட்டவணையை மாற்றியது. ஆய்வுகள் 2034-ல் தொடங்கும், டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிபொருள் 2039-ல்தான்.

சாதாரண கணக்குப் புத்தகத்தில் இதை எப்படி எழுதுவது? போட்ட முதலுக்கு முதலீட்டாளரின் ஆயுளுக்குள் வரவு இல்லை என்றால் எந்த வங்கியும் கடன் கொடுக்காது. தனியார் நிறுவனமாக இருந்திருந்தால் ஆதித்யாவோடு கடையை மூடியிருப்பார்கள்.

ஆனால் வரவுப் பக்கம் காலியாக இல்லை. 1997-ல் அந்த நிறுவனம் தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு மையத்தைத் தொடங்கியது. எஃகைக் கடினமாக்குவது, மருத்துவக் கழிவுகளைப் பிளாஸ்மாவில் அழிப்பது போன்ற தொழில்நுட்பங்கள் அங்கிருந்து வெளியே வந்தன. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய எரியூட்டல் மையம், எரிபொருள் குளிகைக்கு 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைக் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்துக் காட்டியது. லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது அதைவிடப் பல மடங்கு என்பதால் இதுவும் இன்னும் மின்நிலையம் ஆகவில்லை. என்றாலும் லேசரும் பிளாஸ்மாவும் மோதினால் என்ன ஆகும் என்று இருபது வயதில் காவ் போட்ட கணக்குகள் சேர்ந்த துறைதான் அது.

அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை. 2017 ஜூனில், 69-வது வயதில் காலமானார். கடைசி ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த சர்வதேசப் பரிசு ஒன்று, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரில் ஆசிய பசிபிக் இயற்பியல் சங்கங்கள் வழங்கும் பிளாஸ்மா இயற்பியல் பரிசு. நட்சத்திரங்களைப் பற்றிக் கணக்குப் போட்ட தமிழரின் பெயரால், நட்சத்திரத்தைக் கட்ட முயன்ற காஷ்மீரிக்கு!

பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான், தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்கள். காவ் வைத்தது பனை. அதற்குத் தண்ணீர் ஊற்றத் தெரிந்தவர்களையும் அவரே உருவாக்கிவிட்டுப் போனார் என்பதுதான் அவருடைய கணக்கில் பெரிய வரவு.