பிள்ளைப்பேறும் இரத்த அழுத்தமும்



1968 ஆம் ஆண்டில் எனக்கு எட்டு வயது. மேலூருக்குத் தெற்கேயுள்ள எங்கள் சிற்றூருக்கு என் அத்தை தலைப்பிரசவத்திற்காக வந்திருந்தார். எட்டாம் மாதத்தில் அவருடைய காலும் முகமும் வீங்கின. நீர் கோத்திருக்கிறது என்றனர் பெரியவர்கள். பிறகு ஓயாத தலைவலி; கண் மங்கல். ஒரு நாள் விடியலில் கை கால்கள் வெட்டி இழுத்தன. சன்னி என்று வேப்பிலை அடித்தார்கள். மாட்டு வண்டியில் மதுரை சேர உச்சிப்பொழுது ஆயிற்று. அத்தை பிழைத்தார். குறைமாதத்தில் பிறந்த ஆண்மகவு மூன்றாம் நாள் மூச்சுத் திணறி இறந்தது.

தாய்க்கு வந்த நோயில் பிள்ளை ஏன் சாக வேண்டும்? அன்று எனக்கு எவரும் விடை சொல்லவில்லை.

இந்நோயை மருத்துவ உலகம் அறிந்த வரலாறு மெதுவாக நடந்தது. 1843 இல் இலண்டன் கய் மருத்துவமனையின் லீவர் என்பவர், வலிப்புக் கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டார். 1896 இல் இத்தாலியரான ரீவா-ரோச்சி கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தத்தை அளந்தார். 1905 இல் ருஷிய மருத்துவர் கொரட்காவ், குழாய் வைத்து ஒலி கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். வலிப்புக்கு முன்பே அழுத்தம் ஏறுகிறது என்பது இவ்வாறு புலனாயிற்று. என் அத்தை வீங்கிக் கிடந்தபோது அந்தக் கருவி மதுரையில் இருந்தது. எர்ஸ்கின் மருத்துவமனை இருந்தது. 1954 இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் இருந்தது. இடையில் பன்னிரண்டு கல் தொலைவுதான்!

இனி என் கேள்விக்கு வருவோம். கருப்பையின் நாளங்கள் சூலுற்றபின் விரிந்து நஞ்சுக்கொடிக்கு மிகுதியான இரத்தத்தைத் தரவேண்டும். சில கர்ப்பிணிகளிடம் அவை போதிய அளவு விரிவதில்லை. வாய்க்கால் குறுகினால் கடைமடைப் பயிர் வாடுவது போல, உள்ளிருக்கும் சிசு உணவும் உயிர்வளியும் குறைந்து மெலிகிறது. தாயின் அழுத்தமோ ஏறுகிறது. ஐந்து மாதத்திற்குப் பின் 140/90 எட்டினாலே எச்சரிக்கை. முற்றிய நிலையில் பிள்ளையை வெளியே எடுப்பதொன்றே நோய்க்குத் தீர்வு. தாயைக் காக்கப் பிள்ளை முன்கூட்டிப் பிறக்கிறது, நுரையீரல் முதிர்ந்திராது, உடற்சூடு தங்காது, இரத்தத்தில் சர்க்கரை தாழும். அந்த மூன்றாம் நாள் மூச்சுத் திணறலின் காரணம் இதுவே என்று கொள்கிறேன்.

1972 இல் நியூசிலாந்தின் லிகின்சும் ஹோவியும், குறைப்பேற்றுக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் விரைந்து முதிரும் எனக் காட்டினர். மக்னீசியம் சல்பேட் வலிப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பது 2002 இல் உறுதியாயிற்று. 33 நாடுகளில், ஏறத்தாழ 10,000 தாய்மார்களிடையே நடந்த ஆய்வு அது. இரண்டும் விலை மலிந்த மருந்துகள். ஆனால் அழுத்தத்தை அளந்தவர்க்கே அவற்றின் தேவை தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் என் மகளின் கையில் கிராம சுகாதாரச் செவிலியர் பட்டை சுற்றினார். 150/100. வீக்கமே இல்லை, நாங்கள் நம்பவில்லை. அவர் விடவில்லை, அன்றே மதுரைக்கு அனுப்பினார். ஊசி போட்டு, முப்பத்து நான்காம் வாரத்தில் பிள்ளையை எடுத்தார்கள். எடை 1,700 கிராம். எண்பதை நெருங்கிய அத்தை அதை மடியில் வாங்கி, நெடுநேரம் யாரிடமும் திருப்பித் தரவில்லை.