வேட்கை என்னும் சொல்

தேர்தல் அறிவித்துவிட்டால் ஊரெங்கும் ‘வேட்பாளர்’ என்ற பேச்சுதான். சுவரில், செய்தித்தாளில், மனுத்தாக்கல் நடக்கும் அலுவலக வாசலில் எங்கும் அந்தச் சொல். அதற்குள் ஓர் ஆசை குடியிருப்பதை நாம் கவனிப்பதில்லை. வேள் என்றால் விரும்பு; வேட்பு என்றால் விருப்பம்; பதவியை விரும்பி நிற்பவர் வேட்பாளர். முன்பு வழங்கிய ‘அபேட்சகர்’ என்ற வடசொல்லும் அபேட்சை, அதாவது விருப்பம், என்பதிலிருந்து பிறந்ததுதான். அதை விலக்கியவர்கள் பொருளை நழுவவிடாமல் பழந்தமிழ் வேர் ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார்கள். தமிழின் புதுச்சொற்களில் இதை மிக நல்ல ஒன்றாக மதிக்கிறேன்.

அந்த வேரின் மூத்த பிள்ளை வேட்கை. இன்று அதையும் ஏக்கத்தையும் மாற்றி மாற்றி எழுதுகிறோம், இரண்டும் ஒன்றல்ல. குழந்தை ஏங்கி ஏங்கி அழும். கிடைக்காததை எண்ணி விம்முவது ஏக்கம். வேட்கை, தேடிப் போகும்.

அது உடம்பில் தொடங்குவது. சித்த மருத்துவம் அடக்கக் கூடாதவை என்று சொல்லும் 14 வேகங்களில், அதாவது உடலின் இயல்பான உந்துதல்களில், நீர்வேட்கையும் ஒன்று. வேட்கை என்றாலே தாகம் என்ற பொருளும் உண்டு. பௌத்தத்தின் 12 நிதானங்களை, அதாவது துன்பம் தோன்றும் காரணச் சங்கிலியின் கண்ணிகளை, தமிழில் சொல்லும் சாத்தனாரின் மணிமேகலை, நுகர்வுக்கும் பற்றுக்கும் நடுவில் வேட்கையை வைக்கிறது. பாலி மொழியில் அந்த இடத்தில் நிற்பது ‘தண்ஹா’. அதற்கும் நேர்ப்பொருள் தாகமே. சாத்தனார் காப்பியத்தில் இந்தச் சொல் எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது!

தொல்காப்பியர் இந்தச் சொல்லுக்கென்றே ஒரு புணர்ச்சி விதி எழுதினார். செய்யுளில் வேட்கைக்குப் பின் ‘அவா’ வந்தால், இறுதியிலுள்ள ‘கை’ கெடும். ‘ட்’ என்பது ‘ண்’ ஆகும். கிடைப்பது வேணவா. ஆசையும் ஆசையும் சேர்ந்த சொல் அது. ஒரே ஒரு சேர்க்கைக்குத் தனி நூற்பா வேண்டியிருந்தது என்றால், அது அன்றைய செய்யுளில் நன்றாகவே வழங்கியிருக்க வேண்டும்.

களவியலில் அவர் காதலின் நிலைகளை அடுக்குகிறார்: முதலில் வேட்கை, கடைசியில் சாக்காடு. வேறோர் இடத்தில், தன் வேட்கையைத் தலைவன் முன் வாய்விட்டுச் சொல்வது தலைவிக்கு இல்லை என்கிறார். ஆனாலும் அது பிறர்க்குத் தெரிந்துவிடுமாம். எப்படி? உரையாசிரியர்கள் புதுப் பானையைக் காட்டுகிறார்கள். உள்ளே ஊற்றிய நீர் மண்ணின் நுண்துளை வழியே கசிந்து வெளிப்புறத்தை நனைப்பதுபோல. தாகம் என்று பொருள்படும் சொல்லுக்கு நீரையே உவமையாக்கிய இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு குளிர்கிறது.

வேள் என்னும் வேருக்கு இன்னொரு முகம் வேட்டல். தீயில் அவி சொரிவதும் வேட்டல், மணம் புரிவதும் வேட்டல். விரும்பியதை அடையச் செய்யும் செயலுக்கே விருப்பத்தின் பெயர் வந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கன்னடத்துப் ‘பேள்’ தீயில் இடுவதைக் குறிக்கும். நம்மிடம் வேள்வி இருக்கிறது. மனைவி பிறந்த வீட்டுக்குத் தமிழில் வேட்டகம் என்று பெயர். அகராதிக்கு வெளியே அதைக் கேட்பது இப்போது அரிது. மலையாளத்தில் நம்பூதிரி இல்லத்துத் திருமணத்துக்கு இன்றும் ‘வேளி’ என்றே பெயர்.